போனில் பேசியது ஏன் பதிவாகவில்லை?

நாங்கள் அட்டைப்பெட்டி செய்கிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றுமதிப் பெட்டி போடுகிறோம். ஆர்டர் பெரும்பாலும் போனில்தான் வரும். நீளம், அகலம், உயரம், மூணு பிளையா அஞ்சு பிளையா (அட்டையில் எத்தனை அடுக்கு), எத்தனை பெட்டி, எந்தத் தேதிக்கு வேண்டும், எல்லாம் ஐந்து நிமிடப் பேச்சில் முடிந்துவிடும். அப்படி ஒரு நாள் வந்த ஆர்டரில் நீளம் பதினேழு இன்ச் என்று எழுதிக்கொண்டேன். பெட்டி போய் இறங்கிய அன்று மத்தியானம் அந்த வாடிக்கையாளர் போன் செய்தார். "ஏனுங்க, பதினெட்டுன்னு தானுங்க சொன்னேன்?"

பதினேழும் பதினெட்டும் வாயில் முக்கால்வாசி ஒன்றுதான். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் மீதிக் கால்வாசியும் போய்விடும். மொத்தம் 600 பெட்டி. மடித்த சட்டை ஓர் இன்ச் இடிக்கிறது.

ஆனால் நான் பதறவில்லை. போனில் ஒரு கால் ரெக்கார்டர் ஆப் போட்டு வைத்திருந்தேன். தேடி எடுத்தேன். தேதி சரி, நம்பர் சரி, ஆறு நிமிடம் சொச்சம் ஓடியிருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால்: "ம்... சரிங்க... ஆமாங்க... சரி... சரிங்க... போட்டுரலாங்க." ஆறு நிமிடமும் நான் மட்டும். நடுநடுவே மெஷின் சத்தம். எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை கூட இல்லை.

ஆப் கோளாறு என்று அதை அழித்துவிட்டு இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவது ஆப்பில் என் குரலும் இல்லை. கோப்பு இருக்கிறது, நேரம் ஓடுகிறது, உள்ளே வெறும் மௌனம். அப்புறம்தான் இது ஆப் விஷயமே இல்லை என்று புரிந்தது. இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற கடைக்காரர்கள், புரோக்கர்கள், கேட்டரிங்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

குரல் போகிற வழி

நாம் காதில் வைத்துப் பேசும்போது எதிராளியின் குரல் டவரிலிருந்து போனின் மோடம் சிப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒலியைக் கவனிக்கிற சிப்புக்குப் போய், நேராகக் காதுப்பக்க ஸ்பீக்கரில் கேட்கிறது. நாம் கடையில் வாங்கிப் போட்ட ஆப் எதற்கும் இந்தப் பாதையில் கை வைக்க இடமில்லை. அதற்குக் கிடைப்பது மைக் மட்டும்தான். மைக்கில் விழுவது நம் குரல்.

சரி, ஸ்பீக்கரில் வருகிற எதிராளி குரல் கொஞ்சமாவது மைக்கில் விழாதா? விழும். ஆனால் அது அப்படியே திரும்பிப் போனால் எதிரில் இருப்பவருக்குத் தன் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலிக்கும். அதனால் ஸ்பீக்கரில் என்ன போனதோ அதை மைக்கிலிருந்து கழித்துவிடுகிற வேலையைப் போன் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. எக்கோ கேன்சலேஷன் என்பது இதுதான். பேச்சு தெளிவாக இருப்பதற்காகச் செய்த ஏற்பாடே பதிவுக்கு வினையாகிவிடுகிறது. லவுட் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாலும் பல போன்களில் எதிர்க்குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டு பக்கக் குரலையும் சேர்த்துப் பிடிக்கும் வாசல் ஒன்று ஆண்ட்ராய்டுக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் சாவி போனோடு கூடவே கம்பெனி போட்டு அனுப்பும் ஆப்களுக்கு மட்டும்தான். பிளே ஸ்டோரிலிருந்து நாம் இறக்குகிற எதற்கும் அந்த அனுமதியைக் கொடுக்கவே முடியாது. செட்டிங்ஸில் எவ்வளவு தோண்டினாலும் அப்படி ஒரு பட்டன் கிடையாது.

முன்னாளில் இவ்வளவு கறார் இல்லை. ரெக்கார்டர் ஆப் செய்கிறவர்கள் சந்து பொந்தாகப் பார்த்து ஏதோ ஒரு வழியில் குரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 பல சந்துகளை மூடியது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 10 வந்தது. அழைப்பு நடக்கும்போது வேறு ஆப் மைக்கைக் கேட்டால் அதற்கு மௌனத்தைக் கொடு என்று ஆக்கிவிட்டார்கள். என் மூன்றாவது ஆப்பில் கிடைத்த மௌனம் அதுதான். மைக் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. கேட்டவருக்குப் போன் வெறும் டப்பாவைக் கொடுத்திருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக அக்சஸிபிலிட்டி என்று ஒரு வசதி உண்டு. அந்த அனுமதி வாங்கிய ஆப் மட்டும் அழைப்பின்போது மைக்கைக் கேட்கலாம். உடனே எல்லா ரெக்கார்டர் ஆப்பும் அந்த வாசலில் வந்து நின்றன. நானும் ஆப் கேட்டதும் யோசிக்காமல் 'அனுமதி' தட்டியவன்தான். கடைசியில் கூகுள் அதையும் மூடியது: எதிர்முனைக் குரலைப் பதிவு செய்வதற்கு அக்சஸிபிலிட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று பிளே ஸ்டோர் விதியை மாற்றி, 2022 மே 11 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ட்ரூகாலர் அப்போது தன் பதிவு வசதியை நிறுத்தியது இதனால்தான்.

கோபம் வருவது நியாயம். அதே கூகுளின் டயலரில் (நம்பர் அடித்துப் பேசும் ஆப்) மட்டும் பதிவுப் பட்டன் இருக்கிறதே என்று எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண ஆப் இரண்டு பக்கக் குரலையும் சத்தமில்லாமல் பிடிக்க முடியும் என்றால், மனைவி போனில் கணவனும் தொழிலாளி போனில் முதலாளியும் அதைத்தான் போட்டு வைப்பார்கள். நம் வங்கிக்காரரோடு பேசுவதை யாரோ எங்கோ உட்கார்ந்து கேட்பார்கள். பூட்டு நமக்காகவும்தான் போடப்பட்டிருக்கிறது.

ஆப்பை விடுங்கள், டயலரைப் பாருங்கள்

சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேடல் சுலபம். போன் பேசத் திறக்கிறோமே, அந்த டயலர், போனோடு வந்ததுதானே? பதிவு செய்ய முடிந்தது அதுதான். உங்கள் போனில் எந்த டயலர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சாம்சங் என்றால், இந்தியாவுக்கு என்று விற்கப்படும் பெரும்பாலான மாடல்களில் அதன் சொந்த டயலரிலேயே வசதி இருக்கிறது. போன் ஆப்பைத் திறந்து மூன்று புள்ளி, செட்டிங்ஸ், அதில் அழைப்புப் பதிவு. எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யச் சொல்லலாம், சேமிக்காத நம்பர்களை மட்டும் செய்யச் சொல்லலாம், நாம் குறித்துக் கொடுக்கும் சில நம்பர்களை மட்டும் என்றும் வைக்கலாம். வியாபாரத்துக்கு மூன்றாவதுதான் உத்தமம். அம்மா பேசுவதெல்லாம் எதற்குப் பதிவாக வேண்டும்? வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சாம்சங்கில் இந்தப் பட்டனே இல்லாமல் போகலாம். போன் பழுது இல்லை; எந்த நாட்டுக்கு என்று செய்த போனோ அந்த நாட்டுக் கணக்குப்படி அது நடந்துகொள்கிறது.

ஷாவ்மி, ரியல்மி, மோட்டோரோலா என்று பல போன்களில் வருவது கூகுள் டயலர். பேசும்போது திரையிலேயே பதிவுப் பட்டன் தெரியும். தட்டினால் அழைப்பு பதிவாகிறது என்று ஒரு குரல் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவிக்கும். நிறுத்தினால் நிறுத்தியதையும் சொல்லும். பதிவு போனிலேயேதான் இருக்கும், கூகுள் கணக்குக்குப் போய் ஏறாது. போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் கூடப் போய்விடும். இன்னொன்று: பதிவுகளைச் சில நாள் கழித்துத் தானாக அழிக்கும் செட்டிங் ஒன்று இருக்கிறது. அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். பணம் வராத பார்ட்டியோடு பேசியதை இரண்டு மாதம் கழித்துத் தேடும்போது தெரிந்து என்ன பயன்?

அந்த அறிவிப்புக் குரல் பிடிக்காமல் பலர் தவிக்கிறார்கள். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்கள் சிலவற்றில் ஓடயலர் என்ற அவர்களுடைய டயலரைப் போட்டுக்கொள்ளலாம். அதில் அறிவிப்பு வராது. செய்யலாம், தவறில்லை. ஆனால் குரல் இல்லாமல் பதிவு செய்வது உண்மையிலேயே உங்களுக்கு நல்லதா என்பதைக் கீழே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐபோன்காரர்கள் ரொம்ப நாள் காத்திருந்தார்கள். அதில் ரெக்கார்டர் ஆப்கள் வேலை செய்ததே ஒரு வேடிக்கையான வழியில்: நம் அழைப்போடு அந்த ஆப்காரர்களின் ஒரு நம்பரையும் கான்பரன்சில் சேர்க்க வேண்டும், மூன்றாவது ஆளாக அது இருந்து கேட்டுப் பதிவு செய்யும். அதாவது நம் பேச்சு முழுதும் யாரோ ஒருவருடைய சர்வரில். 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 வந்த பிறகு ஆப்பிளே பட்டன் கொடுத்துவிட்டது. தட்டினால் இரண்டு பக்கமும் அறிவிப்பு கேட்கும். அதை நிறுத்த வழி கிடையாது. பதிவு நோட்ஸ் ஆப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் சவுதி, அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கும் அறிமுகத்தின்போது ஆப்பிள் இதைத் தரவில்லை. வளைகுடாவில் தொழில் செய்கிற நம்மவர்கள் பட்டனைக் காணோம் என்று தேடினால் காரணம் அது.

வாட்ஸ்அப் அழைப்பு தனிக் கதை. அது டயலர் வழியாகப் போவதே இல்லை, அதனால் டயலரில் பதிவாகாது. ஆர்டர் விவரம் சொல்ல ஆரம்பித்தால் "சாதாக் கால்ல வாங்க" என்று நான் சொல்லிவிடுவேன்.

எதுவுமே இல்லாத போன் என்றால் பாட்டன் காலத்து வழி ஒன்று எப்போதும் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், பக்கத்தில் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விடுங்கள். அந்த இரண்டாவது போன் அழைப்பில் இல்லை. அதற்கு எக்கோவும் இல்லை, தடையும் இல்லை. அறையில் கேட்பதெல்லாம் அதில் விழும். அழகாக இருக்காது, ஆனால் எந்த அப்டேட்டும் இதை நிறுத்த முடியாது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் இல்லாத ரெக்கார்டரை ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக (ஸ்டோர் வழியில்லாமல் ஆப்பை நேராகப் போடும் கோப்பு) இறக்கி, அது கேட்கும் அக்சஸிபிலிட்டி அனுமதியைக் கொடுப்பது. அந்த அனுமதி சாதாரணமானதல்ல. திரையில் தெரிவதைப் படிக்கும், நமக்குப் பதிலாகத் தட்டும். ஓடிபி வந்தால் அதையும் படிக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் இப்படி வெளியிலிருந்து வந்த ஆப்களுக்கு அந்த அனுமதியைக் கூகுள் நேரடியாகக் கொடுக்க விடுவதில்லை. அதைத் தாண்டுவது எப்படி என்று சொல்லித்தருகிற வீடியோக்கள்தான் ஏராளம். பதினேழா பதினெட்டா என்று தெரிந்துகொள்ள வங்கிக் கணக்கையே பந்தயம் வைக்க வேண்டுமா?

ஐந்தாறு பேர் போன் எடுக்கிற இடம் என்றால் ஒவ்வொரு போனாக மல்லுக்கட்டுவது வீண். கிளவுட் டெலிபோனி என்று ஒரு சேவை இருக்கிறது. எக்ஸோடெல், மைஆப்பரேட்டர் போன்றவர்கள் மாதக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். கடைக்கு என்று ஒரு நம்பர். வாடிக்கையாளர் அதற்கு அடித்தால், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்" என்று சொல்லிவிட்டு ஊழியரின் போனுக்குத் திருப்பும். பதிவு நடப்பது அவர்கள் சர்வரில், அதனால் ஊழியரிடம் எந்தப் போன் இருந்தாலும் கவலையில்லை. வங்கியும் இன்சூரன்சும் இப்படித்தான் நம்மைப் பதிவு செய்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. தெரிந்தவரை சொல்கிறேன், இந்தியாவுக்கு மட்டும்.

நாம் பேசுகிற அழைப்பை நாமே பதிவு செய்வதும், அடுத்தவர்கள் இருவர் பேசுவதை இடையில் புகுந்து பிடிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது ஒட்டுக்கேட்பு, அது அரசாங்கமே உத்தரவு, நடைமுறை என்று கட்டுப்பட்டுச் செய்ய வேண்டிய காரியம். முதலாவதைப் பற்றிப் பேசும்போது வக்கீல்கள் எடுத்துக்காட்டும் பழைய வழக்கு மல்கானி வழக்கு. பம்பாயில் கொரோனராக, அதாவது சந்தேக மரணங்களை விசாரிப்பவராக இருந்த அதிகாரி ஒருவர், நோயாளி இறந்த விவகாரத்தில் ஒரு டாக்டரிடம் போனில் லஞ்சம் பேசினார். டாக்டரின் சம்மதத்தோடு லஞ்ச ஒழிப்புப் போலீசார் போனோடு டேப் ரெக்கார்டரை இணைத்துப் பதிவு செய்தார்கள். இது 1964இல். ஒரு பக்கத்துக்காரரின் சம்மதத்தோடு நடந்த பதிவு தந்திச் சட்டத்தை மீறியது ஆகாது, அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் சொன்னது. குரல் யாருடையது என்று அடையாளம் தெரிய வேண்டும், விஷயத்துக்குச் சம்பந்தம் இருக்க வேண்டும், அழித்துத் திருத்தியதாக இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

அதற்கப்புறம் காலம் மாறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். தெரியாமல் பதிவு செய்வது அந்த உரிமையில் கை வைப்பதாகாதா என்ற வாதம் அதிலிருந்து வலுத்தது. கணவன் மனைவி வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் பேசின. விவாகரத்து வழக்கில் ரகசியப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பெட்டிக் கணக்குக்கு அது தூரம்.

நமக்கு நெருங்கி வருவது 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சொந்த, வீட்டுக் காரியத்துக்கு வைத்திருக்கும் தரவை அது தொடுவதில்லை. வியாபாரத்துக்காக வைத்தால் கதை வேறு: எதற்காக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது, தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்பதுதான் அதன் போக்கு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்புக் குரலை நான் அணைக்கப் பார்க்காததற்கு இதுவும் காரணம். சொல்லிவிட்டுப் பதிவு செய்தவன் எதற்கும் பதில் சொல்லலாம். ஜெர்மனி, அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற இடங்களில் எதிராளி சம்மதமில்லாமல் அந்தரங்கப் பேச்சைப் பதிவு செய்வது குற்றம். ஏற்றுமதிக்காரர்கள் அங்கே இருக்கிற பையரோடு பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

வழக்கு வரை போகிற தகராறு என்றால் பதிவு இருந்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி எலெக்ட்ரானிக் பதிவோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. கோப்புப் பெயரை மாற்றினால் அது மாறாது. ஆனால் முதல் பத்து விநாடி குசலம் விசாரிப்பதை வெட்டி எறிந்தால் மாறிவிடும். அதனால் வேண்டாததை வெட்டி அழகுபடுத்தாதீர்கள். மூலக் கோப்பு மூலப் போனிலேயே கிடக்கட்டும், நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

பேச்சு நடுவே வாடிக்கையாளர் கார்டு நம்பர் சொல்ல ஆரம்பித்தால் பதிவை நிறுத்திவிடுங்கள். அதைச் சேமித்து வைத்திருப்பதே வம்பு.

இப்போது நான் செய்வது

கூகுள் டயலர் இருக்கிற போன் ஒன்றை ஆர்டருக்கு என்றே ஒதுக்கிவிட்டேன். பேச்சு பெட்டி அளவுக்கு வரும்போது பட்டனைத் தட்டுவேன். மாதக் கடைசியில் பதிவுகளை லேப்டாப்புக்கு மாற்றி, பார்ட்டி பெயரும் தேதியும் போட்டு வைக்கிறேன். பணம் வந்து கணக்கு முடிந்ததும் அழித்துவிடுகிறேன்.

கூடவே இன்னொரு பழக்கம் வந்தது, இதற்குப் பதிவே வேண்டாம். போனை வைப்பதற்கு முன், "ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேனுங்க" என்று மொத்த ஆர்டரையும் நானே வாசித்துவிடுவேன். பதினெட்டு என்று வெறுமே சொல்லாமல், "ஒண்ணு எட்டு, பதினெட்டு" என்று சொல்வேன். ஆறு நிமிடம் 'சரிங்க' மட்டும் பதிவான அந்த நாளில் இப்படித் திருப்பிச் சொல்லியிருந்தால் என் குரல் மட்டுமே பதிவானாலும் போதுமாக இருந்திருக்கும். பதினேழு என்று சொல்லும்போதே அவர் தடுத்தும் இருப்பார். முடித்த கையோடு அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் 'ஓகே' போட்ட பிறகுதான் ஷீட் வெட்டுகிறோம்.

அறிவிப்புக் குரலுக்கு வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஆரம்பத்தில் பயந்தேன். ஒருவர் மட்டும் "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டார். அந்த 600 பெட்டிக்காரர் இன்னும் எங்களிடம்தான் போடுகிறார். போன வாரம் குரல் ஒலித்து முடிந்ததும் ஒரு நொடி பேசாமல் இருந்தார். அப்புறம் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்திருப்பார் போல, காது அடைக்கிற மாதிரி வந்தது: "பதிவாகுதுங்களா? நல்லாக் கேட்டுக்கச் சொல்லுங்க. ஒண்ணு, எட்டு!"